முகாம் முடிந்த பிறகு

அவிநாசிக்கு வடக்கே ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம் போட்டார்கள். நாட்டு நலப்பணித் திட்டம். எங்கள் கல்லூரியிலிருந்து ஐம்பது பேர் போனோம். கோயில் வளாகத்தைக் கூட்டினோம், பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடித்தோம், சீமைக் கருவேலம் வெட்டினோம். மூன்றாம் நாள் எங்களில் ஒருவன் பொறுப்பு ஆசிரியரிடம் கேட்டான்: "சார், காலனிக்கு எப்பங்க சார் போறது?" அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னார். "அங்க வேண்டாம் தம்பி. ஊர்க்காரங்கதான் நமக்குச் சோறு போடறாங்க. சங்கடமாயிரும்."

கேட்டவனுடைய அத்தை வீடு அந்தக் காலனியில்தான் இருந்தது. ஏழு நாளும் அவன் அந்த வீட்டுக்குப் போகவில்லை. முகாம் முடிந்ததும் எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது, அவனுக்கும் கிடைத்தது.

இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அன்று முகாமுக்குப் போன எங்களில் சிலரும், பிறகு வந்து சேர்ந்தவர்களுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரில் ஓர் அறையில் கூடுகிறோம். செக்கிங்கில் நிற்பவர், ஓவர்லாக் ஓட்டுபவர், மெர்ச்சண்டைசர், ஒரு கிராம நிர்வாக அலுவலர், இரண்டு வக்கீல்கள், மூன்று நான்கு கல்லூரி மாணவர்கள். போன மாதம் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, மாணவர் அமைப்பு, முகாம், சேவைன்னு போனவங்க பின்னாடி என்ன ஆனாங்க? அதுல யாராவது நமக்குப் பயன்பட்டிருக்காங்களா?" அன்று எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் பார்த்ததை இங்கே எழுதுகிறோம்.

1968 டிசம்பர் 25 இரவிலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளுக்குள் மாணவர்களைச் சமூகத்துக்கு அழைத்துப் போகும் மூன்று வழிகள் இங்கே திறந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. வெண்மணியால்தான் அவை வந்தன என்றும் சொல்ல மாட்டோம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது.

முதல் வழி அரசாங்கத்தினுடையது. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில், ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஒரு சிறப்பு முகாம், ஒரு சான்றிதழ். இரண்டாவது, 1970 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் உருவான இந்திய மாணவர் சங்கம். மூன்றாவது கத்தோலிக்கக் கல்லூரிகளின் ஐக்கஃப். 1924லேயே தொடங்கிய பழைய அமைப்பு அது. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் பூந்தமல்லியில் கூடி, அநீதியான சமூகத்தில் பிறந்தோம், அதை இப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்ற பொருளில் ஓர் அறிக்கை வெளியிட்டுத் திசை மாறியது. அதுவரை பக்தியும் நிவாரணமுமாக இருந்த ஒரு மாணவர் இயக்கம் 'அநீதி' என்ற சொல்லைக் கையில் எடுத்தது சாதாரண விஷயமில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், வெள்ளத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் அதில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஊருக்குள் போகிறவன் 'இங்கே என்ன குறை?' என்று கேட்கத்தான் அது கற்றுக்கொடுத்தது. 'யார் மறுத்தது?' என்று கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. தண்ணீர் இல்லை என்றால் தொட்டியைக் கழுவுவோம். தொட்டியிலிருந்து காலனிக்குக் குழாய் ஏன் போகவில்லை என்பது எங்கள் 240 மணி நேரத்துக்குள் வரவே இல்லை.

இந்திய மாணவர் சங்கத்திலிருந்து வந்தவர்களில் இன்று நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த பெயர் கே. சந்துரு. 'ஜெய் பீம்' படத்தால் தெரிந்த பெயர். அதற்கு முந்தைய கதைதான் நமக்குத் தேவை. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் மாணவர் தலைவர். போராட்டம் நடத்தியதற்காக ஒரு கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார். 1971ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல்வர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுப்பதை எதிர்த்த மாணவர்கள் மீது தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவர் இறந்தார். விசாரணைக் கமிஷன் முன் மாணவர் தரப்பில் போய் நின்றவர்களில் சந்துருவும் ஒருவர். நீ சட்டம் படி என்று அந்த நீதிபதியே ஊக்கப்படுத்தியதாகச் சந்துரு சொல்லியிருக்கிறார். அதாவது அவர் வழக்கறிஞர் ஆவதற்கு முன்பே ஒரு மரணத்துக்காகச் சாட்சியங்களைத் திரட்டி வாதாடியிருக்கிறார். மாணவர் அமைப்பு அவருக்குக் கொடுத்தது அந்தப் பழக்கம்.

1988 வாக்கில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். இலங்கைப் பிரச்சினையில் வந்த கருத்து வேறுபாடு காரணம். கட்சி போனது, பழக்கம் போகவில்லை. 1993ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் மனைவி பார்வதிக்காக ஆட்கொணர்வு மனு போட்டு நடத்தினார். 2006ல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2013ல் ஓய்வு பெற்ற அன்று அரசு காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். நீதிபதியாக இருந்த காலத்தில் எழுதிய தீர்ப்புகளில் இரண்டை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். சாதி பாராமல் பொது மயானம் வேண்டும் என்பது ஒன்று. சத்துணவு மையப் பணி நியமனங்களிலும் சமூகவாரி இடஒதுக்கீடு வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது தீர்ப்பு நம் மாவட்டத்துக்கு எப்படி வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

இடையில் ஒரு முணுமுணுப்பு. 'ஜெய் பீம்' பார்த்துவிட்டு எங்கள் அறையில் இரண்டு ஞாயிறு சண்டை நடந்தது. கறுப்பு அங்கி போட்டவர் ஹீரோவாகிறார், புருஷனைப் பறிகொடுத்து விலைபோகாமல் நின்றவர் துணைப் பாத்திரமாகிறார் என்று ஒரு தங்கை கொதித்தாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. படத்தில் கொஞ்சமாக வரும் உள்ளூர்த் தோழர்கள் நிஜத்தில் வருடக்கணக்காக அந்தக் குடும்பத்தோடு நின்றவர்கள். இந்தக் கட்டுரையையும் அந்தக் கோபத்தோடு படியுங்கள். யாரையும் ரட்சகராக்க நாங்கள் இதை எழுதவில்லை.

இப்போது வாச்சாத்திக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். 'பொதுச் சேவை' என்ற சொல்லின் இரண்டு முகமும் அங்கே தெரிகிறது.

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடி கிராமம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து போயின. வீடுகள் நொறுக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே சிறைக்கும் காட்டுக்கும் சிதறியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் யார்? ரவுடிகள் இல்லை. அத்தனை பேரும் அரசுப் பணியாளர்கள்.

சில வாரங்கள் கழித்து அந்த ஊருக்குள் போனவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர். அதில் பெ. சண்முகம் முக்கியமானவர். இவரும் இந்திய மாணவர் சங்கத்தில் வளர்ந்து வந்தவர். காலி ஊர், உடைந்த பாத்திரங்கள், ஒளிந்திருந்த சிலர். அதிலிருந்து பெயர் பெயராக, சம்பவம் சம்பவமாகச் சேகரிக்க வேண்டியிருந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் வழக்குத் தொடுத்தார். பொறுப்பான பதவியில் இருக்கும் அதிகாரிகள் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியாது என்று ஒரு கட்டத்தில் நீதிமன்றமே சொன்னது. 1995ல் விசாரணை சிபிஐ கைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். மேல்முறையீடு. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

31 வருடம். ஒருவர் கல்லூரியில் சேரும் வயதில் தொடங்கினால் பேரன் பேத்தி எடுக்கும் வயது வந்துவிடும். இந்த 31 வருடத்தையும் தாங்கியவர்கள் முதலில் அந்தப் பெண்கள். நீதிமன்றத்தில் வந்து ஆளைக் காட்டிச் சொன்னவர்கள் அவர்கள். அவர்களோடு பேருந்து ஏறி, வாய்தாவுக்கு வாய்தா கூட நின்றவர்கள் சங்கத்துத் தோழர்கள். முகாமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் நாள் கணக்கில்தான் புரிந்துகொண்டோம். நாங்கள் ஏழு நாள் போனோம்.

சண்முகத்துக்குத் தமிழ்நாடு அரசின் 2023ஆம் ஆண்டுக்கான அம்பேத்கர் விருது கிடைத்தது. 2025 ஜனவரியில் விழுப்புரம் மாநாட்டில் அவர் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித். 1964ல் உருவான கட்சிக்கு இதற்கு அறுபது ஆண்டு ஆனது. வெண்மணியில் செத்தவர்கள் அந்தக் கட்சியின் கொடியைப் பிடித்தவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். தோழர்கள் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

குரூப் 2 படிக்கும் தங்கைக்கு வாச்சாத்தியில் இன்னொரு பெயரையும் சொல்கிறோம். பாமதி. ஐஏஎஸ் அதிகாரி. அப்போது தேசிய எஸ்சி, எஸ்டி ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர். நேரில் போய்ப் பார்த்து, நடந்தது நடந்தது என்று அறிக்கை கொடுத்தார். மாநில அரசு மறுத்துக்கொண்டிருந்த நேரம் அது. வழக்கு நிற்பதற்கு அந்த அறிக்கை ஒரு தூண். ஆக, அதே சம்பளம் வாங்குகிற அரசுப் பணியாளர்களில் 269 பேர் ஒரு பக்கம், இந்த ஒரு கையெழுத்து இன்னொரு பக்கம். தேர்வு எழுதி உள்ளே போகிற நம் பிள்ளைகள் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை. வேலை கிடைப்பது வரைக்கும்தான் நாம் பயிற்சி கொடுக்கிறோம். கிடைத்த பிறகு வருகிற முதல் தொலைபேசி அழைப்புக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

ஐக்கஃப் வழியாக வந்தவர்களில் ஹென்றி திபேன் நமக்குத் தெரிந்தவர். மாணவப் பருவத்தில் அந்த அமைப்பில் இருந்தவர், வழக்கறிஞர், 1995ல் மதுரையில் மக்கள் கண்காணிப்பகத்தைத் தொடங்கினார். சத்தியமங்கலம் மலைகளில் வீரப்பன் தேடுதல் என்ற பெயரில் அதிரடிப்படை செய்த சித்திரவதைகளை ஆவணப்படுத்தி ஆணையத்தின் முன் கொண்டுபோன அமைப்புகளில் மக்கள் கண்காணிப்பகமும் ஒன்று. ஈரோடு பக்கத்துப் பழங்குடித் தோழர்களும் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தினரும் அதில் இருந்தார்கள். 2007ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த மலையில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வழக்கறிஞர் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவலைப் படியுங்கள். திருப்பூரிலிருந்து அந்த மலைக்கு இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். திபேனின் இன்னொரு வேலை அதிகம் பேசப்படாதது. 1997லிருந்து பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைக் கொண்டுபோனார்கள். முதலில் இங்கே, பிறகு வேறு மாநிலங்களிலும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 'காவல் நிலையத்தில் உன்னை அடிக்கக் கூடாது' என்று பாடமாகச் சொல்லிக் கொடுப்பது. 2016ல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் ஜெர்மனி பிரிவு அவருக்கு விருது கொடுத்தது. அதே ஆண்டு அவருடைய அமைப்புக்கு வெளிநாட்டு நிதி பெறும் அனுமதியைப் புதுப்பிக்க இந்திய அரசு மறுத்தது. கோயில் கூட்டியதற்காக யாருடைய அனுமதியும் ரத்தானதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

சரி, நம் ஊர். திருப்பூருக்கும் பெருமைப்பட ஒரு போராட்ட வரலாறு உண்டு. 1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் பனியன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களில் பலருடைய அப்பாக்கள் அதில் இருந்தவர்கள். சனிக்கிழமை சம்பளம் இல்லாமல் நான்கு மாதம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாங்கள், கம்பெனிக்குள் சாதி இல்லை என்று நீண்ட காலம் நம்பினோம். மிஷினுக்குச் சாதி தெரியாது என்பார்கள். மிஷினுக்குத் தெரியாமல் இருக்கலாம், வீடு வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். கைமடியாகச் சேர்ந்த பெண் எத்தனை வருடத்தில் டெய்லராகிறாள், சாயப்பட்டறையில் தொட்டிக்குள் இறங்குகிறவன் யார் பிள்ளை என்று கேட்டுப் பாருங்கள். தொழிற்சங்கம் கூலியைப் பேசியது, மாணவர் அமைப்பு கட்டணத்தைப் பேசியது. இரண்டும் சேர்ந்து காலனிக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

வந்த அடையாளங்களில் முக்கியமானது அருந்ததியர் உள்ஒதுக்கீடு. ஆதித்தமிழர் பேரவை போன்ற அருந்ததியர் அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டது, இடதுசாரிகளும் கையில் எடுத்தது. 2009ல் 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீட்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று தீர்ப்பளித்தது. எங்கள் அறைக்கு வரும் மாணவர்களில் பாதிப் பேர் இந்த 3 சதவீதத்தில் உள்ளே போனவர்கள். அதை எதிர்த்துப் பேசும் தலித் தோழர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தப் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள்.

இப்போது அந்தத் தீர்ப்புக்கு வருகிறோம். 2018 ஜூலை, அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம். அரசுப் பள்ளியின் சத்துணவு மையத்துக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராக மாறுதலாகி வந்தார். அவர் சமைத்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் திரண்டார்கள். அதிகாரி என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்து உத்தரவு போட்டார்கள். ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் தலித் அமைப்புகளும் இறங்கிய பிறகு உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

சத்துணவுப் பணியில் இடஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு முன்னாள் மாணவர் தலைவர் நீதிபதியாக இருந்து எழுதிய தீர்ப்பு ஒருபுறம். அந்த வேலைக்கு வந்த நம் பெண்ணை ஒரே நாளில் நகர்த்திய உத்தரவு மறுபுறம். தீர்ப்பு சென்னையிலிருந்து அவிநாசிக்கு வந்து சேர, நடுவில் ஒரு மனு எழுதுகிற ஆள் வேண்டியிருக்கிறது. போராட்டத்துக்கு முந்தைய இரவு உட்கார்ந்து, என்ன தேதி, யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அந்த அம்மாவின் வார்த்தையிலேயே எழுதி வாங்குகிற ஆள். சந்துரு 1971ல் கற்றதும், சண்முகம் 1992ல் செய்ததும், திபேன் ஊர் ஊராகப் பழக்கியதும் இதைத்தான்.

கடைசியாக ஒரு சுவாரசியம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அரசு ஒரு நபர் குழு அமைத்தது. அந்த ஒரு நபர் சந்துரு. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்கச் சொன்னார், கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னார். கூடவே, எல்லாச் சமூக மாணவர்களும் சேர்ந்த 'சமூக நீதி மாணவர் படை' ஒன்றைச் சீருடையோடு உருவாக்க வேண்டும் என்றார். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பழைய மாணவர் தலைவர் மறுபடியும் மாணவர் அமைப்பில்தான் வந்து நிற்கிறார். ஆனால் எங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. சீருடையும் அணிவகுப்பும் அரசாங்கத்துக்கு எளிது. அந்தப் படை 'யார் மறுத்தது?' என்று கேட்குமா, அல்லது அதற்கும் ஊர்க்காரர்தான் சோறு போடுவாரா?

அதே அறிக்கையில் ஒன்றிய அளவில் பொதுச் சமையற்கூடம் வைத்துச் சத்துணவு அனுப்பலாம் என்றும் ஒரு பரிந்துரை இருக்கிறது. சாதிப் பாகுபாட்டைத் தவிர்க்க என்கிறார். இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. யார் சமைத்தது என்று தெரியாத சோற்றைச் சாப்பிடுவதும், நம் அம்மா சமைத்ததைத் தெரிந்தே சாப்பிடுவதும் ஒன்றல்ல. அவரை மறைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்றால் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் திரண்டவர்கள் கேட்டதும் அதுதானே. அறிக்கையை முழுதாகப் படித்துவிட்டு நீங்களும் சொல்லுங்கள்.

முகாமில் அன்று கேள்வி கேட்டவன்தான் எங்களில் இப்போது கிராம நிர்வாக அலுவலராக இருப்பவன். மாதத்தில் ஒரு ஞாயிறு மனு எழுதும் வகுப்பை அவன்தான் நடத்துகிறான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவு எதற்கு, முதல் தகவல் அறிக்கையின் நகலை எப்படிக் கேட்பது, பட்டா இல்லாத வளவுக்கு என்ன ஆவணம் தேடுவது. போன வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். குரூப் 2 தங்கை முதல் தடவையாக ஒரு மனு எழுதினாள். அவளுடைய ஊர்க் காலனியில் மயானத்துக்குப் பாதை இல்லை. அவன் வாங்கிப் படித்துவிட்டு, "தேதி போடலயே சாமி" என்று திருப்பிக் கொடுத்தான். அவள் தேதி போட்டாள்.